ஆறு இருக்கிறது, குளிர் எங்கே?



நம் ஊரில் ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி என்ன? "தண்ணி வருதா?" அடுத்த கேள்வி? "எவ்வளவு வருது?" மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி, எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள், நமக்கு வரவேண்டிய பாக்கி எத்தனை டி.எம்.சி. நாளிதழில் படிக்கிறோம், டீக்கடையில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நம் சோறு அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

அந்தக் கேள்வியைத்தான் இன்று இந்த அவையின் முன் வைக்கிறேன். ஆறுகள் சூடாகின்றன. அந்தச் சூட்டில் குளிர்நீர் மீன்கள் தங்கள் வீட்டை இழந்துகொண்டிருக்கின்றன. எப்படி இழக்கின்றன, ஏன் இழக்கின்றன, அதில் நம் கை எவ்வளவு என்பதே இன்றைய பேச்சு.

மீனின் வீடு எது? தண்ணீர் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். கெளுத்திக்கும் விராலுக்கும் அந்த விடை சரி. சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் அது பாதி விடைதான். அவற்றுக்குத் தண்ணீரின் குளிர்ச்சிதான் வீடு. ஆற்றுப் படுகை அப்படியே இருக்கலாம். கரை இருக்கலாம். கரை புரளத் தண்ணீரும் ஓடலாம். அந்தத் தண்ணீரின் சூடு நான்கைந்து டிகிரி ஏறிவிட்டால் அந்த மீனுக்குக் கூரை போயிற்று, சுவர் போயிற்று. கரையில் நின்று பார்க்கும் நமக்கு ஒன்றுமே தெரியாது. ஆறு அழகாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

நமக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். நீலகிரியில் அவலாஞ்சி. வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்ட மலை அது. 1907இல் அங்கே குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார்கள். மூணாறிலும் விட்டார்கள், இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் விட்டார்கள். அவலாஞ்சித் தண்ணீர் குந்தா ஆறாகி, பவானியோடு சேர்ந்து, கீழே சமவெளிக்கு வருகிறது. மேலே டிரவுட் வாழும் அதே தண்ணீர்தான். கீழே பவானிசாகரில் யாராவது டிரவுட் பிடித்ததுண்டா? இல்லை. மலையில் ஏதோ ஓர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று கிடக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வீடு, கீழே வீடில்லை. உலகம் சூடாக ஆக அந்தக் கோடு மலைமேல் ஏறுகிறது. கோடு ஏற ஏற மீனும் ஏற வேண்டும். ஆனால் மலைக்கு ஓர் உச்சி உண்டு அல்லவா? அதற்கு மேல் எங்கே ஏறுவது?

நீலகிரி டிரவுட் நம் மண்ணின் மீன் அன்று. நம் ஓடைகளின் சொந்த மீன்களை நினைத்தால் அது வராமலேயே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே அதற்காக வாதாட நான் வரவில்லை. அந்தக் கோட்டை உங்களுக்குக் காட்டத்தான் அந்த மலைக்குப் போனேன். இனி அந்த மீன்களின் தாய்நாட்டுக்குப் போவோம். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போவோம்.

போகும் முன் ஒரு கேள்வி. இரண்டு மூன்று டிகிரி சூடு ஏறினால் என்ன ஆகிவிடும்? நாம் நாற்பது டிகிரி வெயிலில் நடமாடவில்லையா?

நம் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். வெளியே நாற்பதானாலும் உள்ளே முப்பத்தேழுதான். மீனுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரின் சூடு எதுவோ அதுவே அதன் உடலின் சூடு. தண்ணீர் சூடேறினால் அதன் உடலுக்குள் எல்லா வேலையும் விரைவுபடும். ஆக்சிஜன் இன்னும் வேண்டும் என்று உடம்பு கேட்கும். அதே வேளையில் தண்ணீரிடம் இருக்கும் ஆக்சிஜன் குறையும். பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பாருங்கள். கொதிப்பதற்கு வெகு முன்பே அடியிலும் ஓரத்திலும் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று, சூட்டில் கரைந்திருக்க முடியாமல் வெளியேறுகிறது. ஆற்றிலும் அதுதான் நடக்கிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம். 25 டிகிரியில் 8 சொச்சம். தேவை ஏறுகிறது, வரத்து இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது மீன்.

அதோடு முடிந்ததா? சூடான நீரில் நோய்க்கிருமிகள் பெருகுகின்றன. களைத்த மீனை அவை எளிதில் பிடித்துக்கொள்கின்றன. கடலிலிருந்து ஆற்றில் ஏறும் சால்மன் வழியில் இரை தின்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்தான் பல நூறு கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடுகிறது. சூடு ஏறினால் அந்தக் கட்டுச்சோறு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது என் கதையின் நாயகனிடம் வருகிறேன். கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ என்றோர் ஆறு. அதில் சினூக் என்னும் பெரிய சால்மன் ஏறும். ஆண்டு முழுவதும் கூட்டம் கூட்டமாக ஏறும். இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டம், அதன் பின்னே தாமதமாக ஒரு கூட்டம், வசந்தத்தில் ஒரு கூட்டம், குளிர்காலத்தில் ஒரு கூட்டம். இந்தக் குளிர்காலக் கூட்டம் இருக்கிறதே, அதுபோல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. குளிர்காலத்தில் ஆற்றுக்குள் நுழைந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கோடையின் நட்ட நடுவில், ஜூனிலும் ஜூலையிலும் முட்டையிடுகிறது.

கோடையிலா? குளிர் இல்லாமல் வாழ முடியாத மீன், கலிஃபோர்னியாவின் கோடையிலா முட்டையிடுகிறது? ஆம். ஏனென்றால் அதன் தாய்வீடு அப்படிப்பட்டது. ஷாஸ்தா என்று ஒரு எரிமலை. 4,300 மீட்டருக்கும் மேல் உயரம். அதன் பனி உருகி எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் நடந்து, அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிடுகிறது. மெக்கிளவுட் ஆறு அப்படிப்பட்ட ஊற்றுநீரால் ஓடுவது. வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் அந்த நீர் சில்லென்று இருக்கும். மற்ற கூட்டங்கள் முட்டையிடாத பருவத்தில், மற்ற ஆறுகள் சூடாகிக் கிடக்கும் பருவத்தில், இந்தக் கூட்டம் மட்டும் அந்த ஊற்றுநீரை நம்பித் தன் சந்ததியைக் கூழாங்கற்களுக்கு நடுவே விட்டுவிட்டுச் சாகும். பல்லாயிரம் ஆண்டுகள் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

1938இல் ஷாஸ்தா அணையைக் கட்டத் தொடங்கினார்கள். 1945இல் முடித்தார்கள். 183 மீட்டர் உயரம். மீன் ஏறிச் செல்ல ஒரு படிகூட வைக்கவில்லை. மெக்கிளவுட், பிட், மேல் சாக்ரமெண்டோ ஆகிய மூன்று ஆறுகளுக்கும் வழி அடைபட்டது. அணையில் தேங்கிய நீர், அந்த மண்ணின் மக்களான வின்னெமெம் விண்டு இனத்தாரின் ஊர்களையும் இடுகாடுகளையும் வழிபாட்டிடங்களையும் மூழ்கடித்தது. மீனும் அகதியானது, மீனோடு வாழ்ந்த மனிதரும் அகதியானார்கள். அந்த அணை கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டதை நான் மறுக்கவில்லை. விளைநிலத்தின் அருமை தெரிந்த மக்கள் நாம். ஆனால் அந்தச் சோற்றுக்கு விலை கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த மீன் கூட்டம் அன்றே அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏன் தெரியுமா? ஆழமான ஏரியில் வெயில் பட்ட நீர் மேலே நிற்கும். குளிர்ந்த நீர் கனமாக அடியில் கிடக்கும். அணையின் கீழ்மதகு வழியே அந்த அடிநீர் வெளியே வந்தது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ரெட்டிங் நகரத்தருகே, அந்த மீன் என்றும் முட்டையிடாத சமவெளி ஆற்றில், ஒரு துண்டுக் குளிர்ச்சி கிடைத்தது. அதைப் பற்றிக்கொண்டு பிழைத்தது. 1969இல்கூட ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் திரும்பி வந்தன.

அன்றிலிருந்து அதன் உயிர் ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் போய்விட்டது. குளிர்காலத்தில் எவ்வளவு குளிர்நீர் ஏரியில் சேர்ந்தது? வயலுக்கு எவ்வளவு திறந்தார்கள்? மின்சாரத்துக்கு எவ்வளவு போனது? மீன்முட்டைக்கு எவ்வளவு மிஞ்சியது? மலை தானாகத் தந்த குளிர், அதிகாரிகள் பங்கிட்டுத் தரும் குளிராயிற்று. 1990களின் தொடக்கத்தில் திரும்பி வந்த மீன்கள் இருநூறு அளவுக்குச் சரிந்தன. லட்சமெங்கே, இருநூறெங்கே! 1994இல் அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று அமெரிக்க அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது. 1997இல் சுமார் 8 கோடி டாலர் செலவில் அணையின் முகப்பில் இரும்பாலான பெரிய அமைப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். ஏரியின் எந்த ஆழத்திலிருந்து நீரை எடுப்பது என்று அதன் கதவுகளைக் கொண்டு தீர்மானிக்கலாம். தொடக்கத்தில் மேல்நீரை விடலாம். கோடை முற்றும்போது அடியில் சேமித்த குளிர்நீரை விடலாம். நல்ல முயற்சிதான். மீன்களும் ஓரளவு தலையெடுத்தன.

பிறகு வந்தது வறட்சி. 2014. மழை இல்லை, பனி இல்லை, ஏரி பாதிகூட இல்லை. அடியிலிருந்த குளிர்நீர் கோடை முடியும் முன்பே தீர்ந்தது. அணைக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் நிற்கவில்லை. குளிர் நின்றது. கூழாங்கற்களுக்குள் இருந்த முட்டைகளிலும் குஞ்சுகளிலும் சுமார் 95 சதவீதம் செத்தன. அடுத்த ஆண்டாவது பிழைத்ததா? 2015இலும் அதே கதி. இந்த மீன் பெரும்பாலும் மூன்று ஆண்டில் முதிர்ந்து ஆற்றுக்குத் திரும்புவது. ஆகவே ஆற்றில் எப்போதும் மூன்று தலைமுறைத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டு, அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் ஏறக்குறைய அறுந்துபோயின. மூன்றாவதும் அறுந்திருந்தால்? 2021இல் மறுபடியும் வறட்சி, மறுபடியும் சூடு, மறுபடியும் முட்டைகள் வெந்தன.

இதில் ஒரு செய்தி என்னை உலுக்கியது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். சினூக்கின் முட்டை எவ்வளவு சூடு தாங்கும் என்று முன்பே ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தார்கள். 13.3 டிகிரி வரை ஆபத்தில்லை என்று விதியும் வகுத்திருந்தார்கள். விதிக்கு அருகிலேயே ஆறு இருந்த காலத்திலும் முட்டைகள் ஏன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செத்தன? பெஞ்சமின் மார்ட்டின் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 2017இல் விடை சொன்னார்கள். முட்டைக்குச் செவுள் கிடையாது. அதன் தோலை உரசி ஓடும் நீரிலிருந்து ஆக்சிஜன் உள்ளே கசிய வேண்டும். பசிபிக் சால்மன்களில் சினூக்கின் முட்டைதான் பெரியது. பெரிய முட்டைக்குத் தேவை அதிகம், அந்தத் தேவைக்கு ஈடாகத் தோலின் பரப்பு அதிகமில்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் நீர் விறுவிறுவென்று ஓடியது, முட்டைக்குக் குறையில்லை, விதி வகுத்த சூட்டுக்கு மேலும் அது தாங்கியது. ஆற்றின் அடியில், கூழாங்கல் இடுக்கில், நீர் மெல்லத்தான் ஊர்கிறது. அங்கே முட்டை தாங்கும் சூடு, தொட்டியில் தாங்கியதைவிடச் சுமார் 3 டிகிரி குறைவு. ஏறக்குறைய 12 டிகிரிதான் உண்மையான எல்லை.

மூன்று டிகிரி! எவ்வளவு சிறிய எண்! அந்த மூன்று டிகிரிக்குள் ஒரு தலைமுறையே அடங்கிவிட்டது. கவனமாகச் செய்த சோதனைதான், நேர்மையாக வகுத்த விதிதான். ஆனால் முட்டை வளரும் இடத்தில் போய் முட்டையின் நிலையை யாரும் கேட்கவில்லை. ஆற்றைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு மேசைக்கும் இந்தக் கதை போய்ச் சேர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இன்னும் வடக்கே போவோம். கொலம்பியா ஆறு. அதன் கிளை ஸ்நேக் ஆறு. ஐடஹோ மாநிலத்து மலைகளில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், ரெட்ஃபிஷ் ஏரி. கடலிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. அந்த ஏரியில் பிறந்த சாக்கை என்னும் சால்மன், கடலுக்குப் போய் வளர்ந்து, சிவந்த உடலோடு அதே ஏரிக்குத் திரும்புகிறது. அந்தச் சிவப்பால்தான் ஏரிக்கே அந்தப் பெயர். வழியில் எட்டு அணைகள். 1990இல் ஷோஷோன்-பானக் பழங்குடியினர் இந்த மீனைக் காக்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1992இல் அந்த ஏரிக்குத் திரும்பி வந்தது எத்தனை மீன்? ஒன்று. ஒரே ஓர் ஆண் மீன். அதற்கு 'தனியன் லாரி' என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

மிச்சமிருந்த ஒருசில மீன்களைப் பண்ணையில் வளர்த்து, குஞ்சு பொரித்து, பொறுமையாக அந்த இனத்தை மீட்டுக்கொண்டிருந்தார்கள். 2015இல் கடலிலிருந்து முதல் அணையைத் தாண்டி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்நேக் ஆற்றுச் சாக்கைகள் ஏறின. நல்ல செய்தி அல்லவா? ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மலையில் பனி விழ வேண்டிய இடத்தில் மழை பெய்திருந்தது. மழை அன்றைக்கே ஓடிவிடும். பனியோ கோடை வரை காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்நீர் தரும். அந்த ஆண்டு அந்தச் சேமிப்பு இல்லை. ஜூனிலேயே அனல் அடித்தது. அணைகளுக்குப் பின்னால் ஓடாமல் கிடந்த நீர் வெயிலில் காய்ந்தது. சால்மன் தாங்கும் எல்லையாக வகுத்த 20 டிகிரியைக் கொலம்பியா ஜூன் மாதத்திலேயே தாண்டியது. அணைகளில் மீன் ஏறுவதற்கென்றே வைத்த படிகளிலும் ஏரியின் மேல்நீர்தான் வழிந்தது. கீழே சற்றுக் குளிர், படியில் சூடு. மீன் படியருகே வந்து, தயங்கி, திரும்பியது.

அந்தக் கோடையில் கொலம்பியாவில் ஏறிய ஐந்து லட்சம் சாக்கைகளில் பாதி, ஏறக்குறைய இரண்டரை லட்சம், வழியிலேயே மாண்டதாக மதிப்பிட்டார்கள். ஸ்நேக் ஆற்றின் நாலாயிரத்தில் தன் மலைப் பள்ளத்தாக்குக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தவை 56. இன்னும் சிலவற்றை அதிகாரிகள் நடு வழியில் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

அவையோரே, சூடான ஆற்றில் மீன் சும்மா இருந்து சாவதில்லை. குளிரைத் தேடுகிறது. வெறித்தனமாகத் தேடுகிறது. கொலம்பியாவின் முதன்மை ஆறு 20 டிகிரியில் இருக்கும்போது, மலைக் காட்டிலிருந்து வரும் சிற்றாறு ஒன்று நான்கைந்து டிகிரி குளிராக வந்து கலக்கும். அந்தச் சங்கமத்தில் மீன்கள் வந்து ஒதுங்குகின்றன. டெசூட்ஸ் ஆற்றின் வாயில், லிட்டில் வைட் சால்மன் ஆற்றின் வாயில், வாரக்கணக்கில் தங்குகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021இல் கொலம்பியாவின் கீழ்ப்பகுதிக்கு வெளியிட்ட திட்டத்தில் இப்படிப்பட்ட முக்கியமான புகலிடங்கள் 12 என்று குறித்தது. அவ்வளவு பெரிய ஆற்றின் கீழ்ப்பகுதியில் முக்கியமான குளிர்ந்த மூலைகள் பன்னிரண்டே பன்னிரண்டு!

ஆனால் புகலிடத்துக்கும் ஆபத்து உண்டு. மீன் ஒரே இடத்தில் கூடி நிற்கிறது என்றால் தூண்டில்காரருக்கும் அது தெரியும். களைத்து வந்து ஒதுங்கியதை அங்கேயே பிடித்தால் புகலிடம் பொறியாகிவிடும். அதனால்தான் சில வாய்களில் கோடை நாட்களில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். மொண்டானா மாநிலத்தில் வேறொரு விதி: டிரவுட் ஆறு தொடர்ந்து மூன்று நாட்கள் ஏறக்குறைய 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது. விடியற்காலையில் பிடி, வெயிலில் விட்டுவிடு. எவ்வளவு எளிய விதி! ஆற்றைத் தொட்டுப் பார்த்து வகுத்த விதி.

கூடி நிற்பதில் இன்னொரு ஆபத்து நோய். 2002 செப்டம்பரில் கிளமத் ஆற்றில் நடந்ததை அந்த ஆற்றின் யூரோக் மக்கள் இன்றும் மறக்கவில்லை. பாசனத்துக்கு நீர் திருப்பப்பட்டு ஆறு மெலிந்திருந்தது. மெலிந்த ஆறு சூடாகியிருந்தது. கடலிலிருந்து ஏறிய சினூக்குகள் மேலே போகத் துணியாமல் கீழேயே நெருக்கியடித்து நின்றன. செவுளைத் தின்னும் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்தது. சில நாட்களில் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றை நம்பி வாழ்ந்த ஓர் இனத்தாரின் கண்முன்னே நடந்தது இது. அன்று அந்தக் கரையில் நின்ற பிள்ளைகளில் சிலர், பிறகு வளர்ந்து, அணைகளை அகற்றும் போராட்டத்தில் நின்றார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு ஒருவர் கேட்கலாம்: "உலகமே சூடாகிறது. வானத்தை யாரால் குளிர வைக்க முடியும்? மீனுக்கு விதி முடிந்தது, விட்டுவிட வேண்டியதுதானே?" இந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். ஏன் ஏற்க மாட்டேன்? மேலே சொன்ன கதைகளை எண்ணிப் பாருங்கள். ஷாஸ்தா மீன் ஏன் செத்தது? மெக்கிளவுட்டில் குளிர் தீர்ந்துவிட்டதாலா? இல்லை, அந்த ஊற்றுகள் இன்றும் குளிர்ந்தே ஓடுகின்றன. அங்கே போகும் வழியை அடைத்ததால் செத்தது. ரெட்ஃபிஷ் ஏரி சூடாகிவிட்டதா? இல்லை, ஏரி குளிராகத்தான் இருந்தது. ஏரிக்கு வரும் பாதை கொதித்தது. புவி சூடாவது உண்மை. அந்தச் சூட்டில் பிழைக்க மீனுக்கு இருந்த ஒரே உபாயம், குளிர் இருக்கும் இடம் தேடி நகர்வது. பல யுகங்களின் வெப்பத்தையும் பனியையும் அது அப்படித்தான் கடந்து வந்தது. அந்த உபாயத்தை நாம் பறித்துவிட்டோம். உயரத்தில் இருந்த குளிரை அணை கட்டி மூடிவிட்டு, சமவெளியில் மீனை நிறுத்திவிட்டு, அதன் தலைமேல் வெப்பத்தையும் ஏற்றினோம். வானத்தின் பங்கு ஒன்று என்றால் நம் பங்கு அதற்கு இளைத்ததன்று. நம் பங்கை நாம் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும்.

எப்படி? கரையில் மரம் நின்றால் சிற்றோடை வெயிலில் காயாது. மரத்தை வெட்டிய ஓடையும் மரமுள்ள ஓடையும் ஒரே நாளில் பல டிகிரி வேறுபடும். ஸ்காட்லாந்தில் டீ ஆற்றின் கரைகளில் சால்மனுக்காகவே பத்து லட்சம் மரங்கள் நடும் வேலை நடக்கிறது, 2035க்குள் முடிப்பது இலக்கு. நிலத்தடி நீரை உறிஞ்சாமல் விட்டால் ஊற்று ஆற்றைக் குளிர வைக்கும். ஆறு வளைந்து நெளிந்து போகவும், வெள்ளத்தில் பக்கத்து நிலத்தில் பரவி இறங்கவும் இடம் விட்டால், அந்த நீர் மண்ணுக்குள் குளிர்ந்து கோடையில் திரும்பி வரும். கொலம்பியாவின் கிளையில் லோயர் கிரானைட் அணையில் ஆழத்து நீரை இறைத்து மீன்படியில் விட்டார்கள். சூடான படி குளிர்ந்தது. செய்யத் தெரியாமல் எதுவும் நின்றுபோகவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய வேலை வழியைத் திறப்பது. செத்து மிதந்த மீன்களைக் கண்ட அதே கிளமத் ஆற்றில், யூரோக், கருக் முதலான பழங்குடி மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். அலுவலகம் அலுவலகமாகப் போனார்கள். அணை நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டங்களுக்கே போய் நின்றார்கள். 2024க்குள் அந்த ஆற்றின் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. உலகம் இதுவரை கண்ட அணை அகற்றல்களில் அது மிகப் பெரியது. மீன் வர எத்தனை ஆண்டு ஆகும் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் அவர்களைக் காத்திருக்க வைக்கவில்லை! கடைசி அணையை உடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அக்டோபரில், நான்கு அணைகளும் நின்ற இடங்களைத் தாண்டி, ஓரிகன் மாநிலத்துச் சிற்றாறு ஒன்றில் சினூக் கண்ணில்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நீரில் அதன் இனத்தின் வால் படவில்லை. யாரும் அதற்கு வழி காட்டவில்லை. வழி திறந்தது, வந்துவிட்டது.

மெக்கிளவுட்டுக்கு மறுபடி வருகிறேன். 1872இல் அந்த ஆற்றங்கரையில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் அமெரிக்க அரசுக்காக மீன் பொரிப்பகம் ஒன்றை அமைத்தார். அங்கிருந்து சால்மன் முட்டைகள் உலகமெங்கும் கப்பலேறின. நியூசிலாந்தின் ஆறுகளில் அவை வேர்விட்டன. அணையால் மீனை இழந்த வின்னெமெம் விண்டு மக்கள், தங்கள் ஆற்று மீனின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் நம்பும் அந்தச் சால்மன்களைப் பார்க்க 2010இல் நியூசிலாந்துக்குப் போனார்கள். ராக்கையா ஆற்றங்கரையில் நின்று, உங்களைக் காக்கத் தவறினோம் என்று மீன்களிடம் மன்னிப்புக் கேட்டு ஆடினார்கள். அவர்களா தவறு செய்தார்கள்? அணை கட்டியது அவர்களா? இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டது அவர்கள்தான்.

2022 கோடையில், அந்த மக்களும் மாநில, மத்திய மீன்வளத் துறையினரும் சேர்ந்து, குளிர்காலக் கூட்டத்தின் முட்டைகள் சுமார் 40,000ஐ மெக்கிளவுட் ஆற்றின் கரைக்குக் கொண்டு போனார்கள். கீழே அணைக்கு அடியில் சூடு முட்டைகளைக் கொன்றுகொண்டிருந்த வறட்சிக் காலம் அது. மேலே ஊற்றுநீரில் அந்த முட்டைகள் பொரிந்தன. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆற்றில் அந்த மீனின் குஞ்சு நீந்தியது. வளர்ந்த குஞ்சுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, அணைக்குக் கீழே கொண்டுபோய்க் கடலுக்கு அனுப்பினார்கள்.

வண்டியில் ஏற்றி என்று சொன்னேன், கவனித்தீர்களா? இப்போதைக்கு அதுதான் வழி. வின்னெமெம் விண்டு மக்களின் தலைவி கலீன் சிஸ்க் கேட்பது வேறு. அணையைச் சுற்றி, சிற்றோடைகளை இணைத்து, மீன் தானாக நீந்திப் போய்வர ஒரு நீர்வழி அமைத்துக் கொடுங்கள் என்று அவர் கேட்கிறார். மறுபுறம் ஷாஸ்தா அணையை இன்னும் 18.5 அடி உயர்த்த வேண்டும் என்ற திட்டமும் மேசையில் கிடக்கிறது. உயர்த்தினால் அந்த மக்களிடம் மிச்சமிருக்கும் புனித இடங்களிலும் பல நீருக்குள் போகும். ஒரே அணையைப் பற்றி இரண்டு கோரிக்கைகள். ஒன்று சுவரை உயர்த்தச் சொல்கிறது, மற்றது சுவரைச் சுற்றி வழிவிடச் சொல்கிறது. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை இந்த அவைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெக்கிளவுட் ஊற்றுகள் குளிர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வழி திறக்கப்பட வேண்டும்.